சீமை முள்ளும் சங்கரன் மண்ணும்

1

இன்றைக்கு இங்கே மன்னர் பிறந்தநாள் விடுமுறை. எந்த மன்னர் என்று கேட்பீர்கள். லண்டன் மன்னர்தான். நம் தாத்தாக்கள் பெட்டி படுக்கையைக் கட்டிக் கப்பலேற்றி அனுப்பிய அதே குடும்பம். நியூசிலாந்தில் அவர்கள் இன்னும் வீட்டைக் காலி செய்யவில்லை. நாணயத்தில் முகம் இருக்கிறது, கோர்ட்டில் பெயர் இருக்கிறது. நான் குடியுரிமை வாங்கிய அன்று, கழுத்தில் தங்கச் சங்கிலி போட்ட மேயர் முன்னால் நின்று, அந்த அரண்மனைக்கும் அதன் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். கட்டின பெண்டாட்டிக்குக்கூட அப்படி வாக்குக் கொடுத்ததில்லை. நம்மூரில் தாலி கட்டும்போது பேசுவதெல்லாம் ஐயர்; நமக்கு வேலை முடிச்சுப் போடுவது மட்டும். அதிலும் மூன்றாவது முடிச்சைப் போட்டது என் அக்கா வடிவு. அதனால் என் குடும்பத்தில் எதை அவிழ்ப்பதென்றாலும் இன்றுவரை அவளைக் கேட்டுத்தான் அவிழ்க்க வேண்டும்.

இந்தப் பிறந்தநாளில் ஒரு விசேஷம் உண்டு. இது மன்னர் பிறந்த நாள் இல்லை. அவர் பிறந்தது நவம்பரில். நவம்பரில் லண்டனில் மழையும் குளிருமாக இருக்கும், ஊர்வலம் நனையும் என்று கொண்டாட்டத்தை ஜூனுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அங்கே ஜூன் நல்ல வெயில். ஆனால் பூமியின் அடிப்பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு ஜூன் கடுங்குளிர். மாமியார் வீட்டில் நனையக்கூடாது என்று மருமகள் வீட்டில் நடுங்குகிறோம்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. என் சர்டிபிகேட்டிலும் ஜூன் மாதம்தான் போட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். தொட்டுவிட்டேன். அன்றைக்குக் கணக்குப் பண்ணி அவரே ஒரு தேதி எழுதினார். மன்னருக்கும் எனக்கும் ஒரே வாத்தியார்தான் போல.

2

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. புளியங்குடியில் எலுமிச்சை ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும் லாரியில் கிளீனராக ஏறி டிரைவராக இறங்கினேன். படித்ததெல்லாம் டீக்கடையில் நாலு பேர் வாயிலிருந்து படித்தது. நியூசிலாந்துக்கு வந்ததும் என் சாமர்த்தியம் இல்லை. வீட்டுக்காரி செல்வி நர்ஸ். இந்த நாடு அவளைக் கூப்பிட்டது. நானும் கைக்குழந்தை கோமதியும் அவளுடைய லக்கேஜில் சேர்த்தி. இப்போது ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். ஊரைச் சுற்றிக் குன்று, குன்றெல்லாம் ஆடு, ஆட்டுக்குப் பின்னால் மழை.

பக்கத்து வீட்டுக்காரர் பில். எழுபது தாண்டியவர், ஆட்டுப் பண்ணை வைத்திருந்தவர், மனைவியை இழந்தவர். அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்று முழுவதும் கோர்ஸ் என்றொரு முள்ளுச் செடி. மஞ்சளாகப் பூக்கும். கிட்டே போனால் நம்மூர்ச் சீமைக்கருவேல முள்ளே இதற்குத் தங்கமான பிள்ளை என்று தோன்றும். பில்லின் கொள்ளுத்தாத்தா இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும்போது வேலி போட என்று விதையைப் பையில் போட்டுக் கொண்டுவந்தாராம். அங்கே வயலைச் சுற்றி அந்த வேலியைப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு. இங்கே வந்ததும் அந்தச் செடிக்கு மண்ணும் பிடித்துவிட்டது, மழையும் பிடித்துவிட்டது. வேலி வயலுக்குள் இறங்கி, வயலைத் தின்று, குன்றில் ஏறிவிட்டது. அந்தக் கொள்ளுப்பேரன் இப்போது விடுமுறை நாளெல்லாம் அதை வெட்டிக்கொண்டிருக்கிறார். நான் கூடப் போய் இழுத்துப் போடுவேன்.

முள் மட்டுமா? ஊர் ஞாபகத்துக்கு என்று சிட்டுக்குருவியைக் கொண்டுவந்தார்கள், வேட்டைக்கு என்று முயலைக் கொண்டுவந்தார்கள். முயல் புல்லையெல்லாம் தின்றதும், முயலைப் பிடிக்கக் கீரி மாதிரி ஒரு பிராணியைக் கொண்டுவந்தார்கள். அது ஓடுகிற முயலைப் பார்த்தது, பறக்கத் தெரியாமல் நிற்கிற இந்த ஊர்ப் பறவைகளையும் பார்த்தது. எது சுலபம்? நம்மூரில் வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் கதை சொல்வோம். இவர்கள் வேலி, ஓணான், வேட்டி மூன்றையுமே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள்.

3

பில் இங்கிலாந்தை இங்கிலாந்து என்று சொல்லமாட்டார். ‘வீடு’ என்பார். ‘எங்கள் அப்பா காலத்தில் வீட்டிலிருந்து கப்பல் வரும்’, ‘வீட்டில் இப்போது வசந்தம்.’ அவருடைய அப்பா அந்த வீட்டைக் கண்ணால் பார்த்ததில்லை, தாத்தாவும் பார்த்ததில்லை. பார்க்காத வீட்டுக்குத்தான் பாசம் அதிகம்.

நெல்லைப் பக்கம் பொங்கல்படி உண்டு. கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வருஷா வருஷம் கரும்பு, அரிசி, காய்கறி, வாழைத்தார் போகும். ஒரு வருஷம் நின்றால் உறவே முறிந்த மாதிரி. இங்கே அந்தப் பொங்கல்படி தலைகீழ். மகள்தான் தாய்க்கு அனுப்பினாள். ஆட்டிறைச்சியை ஐஸில் வைத்து அனுப்பினார்கள், வெண்ணெய் அனுப்பினார்கள், கம்பளி அனுப்பினார்கள், சண்டை வந்தபோது பிள்ளைகளையும் அனுப்பினார்கள். பிறகு ஒரு நாள் தாய் பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து ஐரோப்பியச் சந்தையில் போய் உட்கார்ந்துகொண்டாள். இனி உன் வெண்ணெய் அவ்வளவு வேண்டாம் மகளே என்று சொல்லிவிட்டாள். அப்போது பில் இளவட்டம். “அன்றைக்குத்தான் நாங்கள் உலகப் படத்தை எடுத்துப் பார்த்தோம். வீடு இவ்வளவு தூரமா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது” என்பார்.

இருந்தாலும் ஆசை விடவில்லை. ஆடுகளை விற்றபிறகு மனைவியோடு முதன்முதலாக ‘வீட்டுக்கு’ப் போனார். லண்டன் விமான நிலையத்தில் இறங்கி நேராக அந்நாட்டுக்காரர்கள் வரிசையில் போய் நின்றிருக்கிறார். பாஸ்போர்ட்டைப் பார்த்த பெண் ‘உங்கள் வரிசை அது’ என்று கையைக் காட்டியிருக்கிறாள். அந்த வரிசையில் அவருக்கு முன்னால் ஊறுகாய்ப் பையோடு நம்மாட்கள் ஒரு குடும்பம். எத்தனை நாள் இருப்பீர்கள், திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறதா என்று கேள்வி. வீடு தேடி வந்தவனிடம் வாசலிலேயே எப்போது கிளம்புவாய் என்று கேட்டால் எப்படி இருக்கும்? சரி, முன்னோர் கிராமத்துக்காவது போவோம் என்று போய், அங்கே சாராயக்கடையில் உட்கார்ந்து, நான் இந்த மண்ணின் பிள்ளை என்று ஆரம்பித்திருக்கிறார். கடைக்காரர் அன்பாகக் கேட்டாராம், “ஆஸ்திரேலியாவா?”

சங்கரன்கோவில்காரனைப் பார்த்து ‘கோவில்பட்டியா?’ என்று கேட்டுப் பாருங்கள், தெரியும்.

இப்போது பில்லின் மகன் லண்டனில் இருக்கிறான். கிறிஸ்மஸுக்கு அப்பாவைக் கூப்பிட்டு, அடுத்த வருஷம் கட்டாயம் ‘வீட்டுக்கு’ வருகிறேன் என்கிறானாம். அவனுக்கு வீடு இந்தக் குன்று. “எங்கள் வம்சத்துக்கே இதுதான் வியாதி. இருக்கிற இடத்தில் வீடு இருக்காது” என்று சொல்லிவிட்டு பில் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து மகள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

4

கோமதி சங்கரன்கோவிலில் பிறந்தவள். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு கோமதி உண்டு, அம்மன் பெயர். கைக்குழந்தையாக இருந்தபோது உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பி, பால் குடிக்காமல் கிடந்தாள். டாக்டர் களிம்பு கொடுத்தார். வடிவு அக்கா கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினாள். பிள்ளை தேறிவிட்டது. என் மருந்து என்றார் டாக்டர், சங்கரன் மண்ணு என்றாள் அக்கா. பிள்ளை பிழைத்ததில் தகராறு இல்லை, யாருக்குப் பெருமை என்பதில்தான் வழக்கு.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். திருநீறு மாதிரி நெற்றியில் பூசுவோம். பாம்பு பயத்துக்கு, தோல் வியாதிக்கு, பிளஸ் டூ பரீட்சைக்கு என்று எல்லாவற்றுக்கும் அதுதான். ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் நேர்ந்துகொண்டவர்கள் கோவிலை நூற்றெட்டுச் சுற்று சுற்றுவார்கள். அதற்கு ஆடிச்சுற்று என்று பெயர். பிள்ளை பிழைத்தால் வளர்ந்ததும் ஆடிச்சுற்று சுற்ற வைக்கிறேன் என்று அக்கா நேர்ந்திருந்தாள்.

பிள்ளை வளர்ந்தாள், ஆனால் இங்கே வளர்ந்தாள். ஊரைவிட்டு வந்தபிறகு ஒரு ஆடிக்கும் அவள் போகவில்லை. பள்ளி, கல்லூரி, வேலை, லீவு இல்லை என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம். ‘எங்க நாடு’ என்று அவள் சொன்னால் இந்த நாடு. ‘உங்க ஊர்’ என்றால் சங்கரன்கோவில். தமிழ் பேசுவாள், போனில் அக்காவோடு பேசிப் பேசிக் கொஞ்சம் நெல்லை வாடைகூட அடிக்கும். அக்காவுக்குப் பிள்ளை கிடையாது. ரத வீதியில் பூக்கடை, கையில் எப்போதும் மல்லிகைச் சரம், வாயில் எப்போதும் ஒரு குத்தல். வருஷா வருஷம் ஆனியிலேயே போன் வந்துவிடும். “ஏலே, நீ வராட்டாலும் பரவால்ல. அவ காலு ரெண்டையும் அனுப்பி வையி. சாமிகிட்ட நான் எத்தன வருசந்தான் சாக்குச் சொல்லுததுக்கு?”

இந்தப் பிள்ளை என்ன வேலைக்குப் போயிருக்கிறாள் தெரியுமா? விமான நிலையத்தில், வெளிநாட்டு விதை, பூச்சி, பழம், மண் எதுவும் நாட்டுக்குள் நுழையாமல் பார்க்கிற வேலை. அதாவது பில்லின் கொள்ளுத்தாத்தா மாதிரி ஆட்களைப் பிடிக்கிற வேலை. அதைச் சம்பளத்துக்குப் பார்க்கிற மாதிரி பார்க்கமாட்டாள், பூசாரி மாதிரி பார்ப்பாள். நான் ஊருக்குப் போய்த் திரும்பினால், சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் செருப்பைத் திருப்பி அடியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு தப்பு வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இந்த வருஷம் பங்குனியில் அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். அவள் வராவிட்டால் நான் வருகிறேன் என்றாள். இந்த வயதில் இவ்வளவு தூரமா என்று கேட்டேன். “சாமியே சப்பரத்துல ஏறித் தெருவுக்கு வருது. நான் பிளேன்ல ஏறி வரக்கூடாதாக்கும்?” என்றாள்.

5

போனில் படித்துப் படித்துச் சொன்னேன். ஊறுகாய் வேண்டாம், விதை வேண்டாம், பூ வேண்டாம், பழம் வேண்டாம். எல்லாம் சொன்னேன், மண்ணை மட்டும் சொல்லவில்லை. எவனாவது விமானத்தில் மண்ணை அள்ளிக்கொண்டு வருவானா? சங்கரன்கோவில்காரன் வருவான் என்பது சங்கரன்கோவில்காரனாகிய எனக்கே தோன்றவில்லை. காரணம், நமக்கு அது மண்ணே இல்லை.

அக்காவுக்கும் அப்படித்தான். விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்த கோயம்புத்தூர்ப் பையன், இறங்கும்போது கொடுக்க வேண்டிய அட்டையை நிரப்பிக் கொடுத்திருக்கிறான். மண் ஏதும் கொண்டுபோகிறீர்களா அம்மா என்று கேட்டதற்கு, என்னைப் பார்த்தால் கொத்தனார் மாதிரி தெரிகிறதா என்று அவனைத் திட்டியிருக்கிறாள்.

நான் வெளியே காத்துக்கொண்டு நின்றேன். உள்ளே நடந்ததை அக்கா ஒரு மாதிரியும் கோமதி ஒரு மாதிரியும் சொன்னார்கள். இரண்டு பேரும் ஒத்துப்போகிற இடத்தை மட்டும் எழுதுகிறேன்.

அன்று கோமதிக்கு அங்கே வேலை. சொந்தக்காரர் வந்தால் அவர்கள் பெட்டியைத் தொடக்கூடாது என்று விதி. மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு ஒதுங்கித் தூண் பக்கம் நின்றிருக்கிறாள். மோப்ப நாய் ஒன்று வரிசையை முகர்ந்துகொண்டே வந்து அக்காவின் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. வந்து இறங்கினதும் பைரவர் தரிசனம் என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பையைத் திறந்தால் அம்மன் மாலையிலிருந்து எடுத்த எலுமிச்சம்பழம் ஒன்று. அதிகாரி சிரித்துக்கொண்டே பழத்தை எடுத்துப் போட்டுவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டிவிட்டான்.

அவ்வளவுதான். அக்கா வெளியே வந்திருப்பாள். ஆனால் அவள் இடுப்பில் சிவப்புச் சுருக்குப்பை இருந்தது. அதில் என்ன இருக்கும் என்று அந்தக் கட்டடத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். போனில் ஆயிரம் தடவை கேட்ட கதை அது.

கோமதி நடந்து வந்து கேட்டாள், “அத்தை, அந்தப் பையில கோயில் மண்ணு இருக்கா?”

அக்காவுக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது. மருமகள் மறக்காமல் கேட்கிறாளே. “இல்லாம வருவனாட்டி? உனக்குத்தான கொண்டாந்தேன். நெத்தியக் காட்டு.” அங்கேயே பையை அவிழ்த்து, உள்ளேயிருந்த மண் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்துவிட்டாள்.

கோமதி இரண்டடி பின்னால் போனாள். “கீழ சிந்திராத அத்தை. அப்படியே நில்லு.”

‘நெத்தியக் காட்டுன்னா தீட்டப் பாத்த மாதிரி வெலகுனா’ என்று இந்த இடத்தை மட்டும் அக்கா திரும்பத் திரும்பச் சொல்வாள்.

மேலதிகாரி ஒரு மாவோரி அம்மாள். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே இந்த நாட்டில் இருந்த ஜனம். வந்து என்னவென்று கேட்டாள். கோமதி மொழிபெயர்த்தாள். எதற்கு இது? பாம்புக்கு. இந்த நாட்டில் பாம்பே கிடையாதே? இதைக் கோமதி தமிழில் சொன்னதும் அக்கா, “பாத்தியா? இன்னும் பூசக்கூட இல்ல” என்றாள்.

அந்த அம்மாள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாளாம். வாசலைத் தாண்டுவதற்குள் கேட்டதும் எடுத்துக் காட்டிவிட்டதால் அபராதம் வேண்டாம், எச்சரிக்கை போதும் என்றாள். கோமதி கேட்காமல் விட்டு வேறு யாராவது பிடித்திருந்தால் கதை வேறு. பிறகு அந்தப் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கோமதி காதில் மட்டும் ஒன்று சொன்னாள்: “எங்கள் பாட்டன்மாரும் அன்றைக்குக் கடற்கரையில் இப்படி ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருக்கணும்.”

விதிப்படி அதை எரித்துவிடுவார்கள். அது மட்டும் அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

6

அதன்பிறகு அக்கா கோமதியோடு பேசவில்லை. பேச வேண்டியது இருந்தால் என்னிடம் சொல்வாள், கோமதி எதிரிலேயே. “ஏலே, ஆபீசரம்மாட்ட காப்பி ஆறுதுன்னு சொல்லு.” அவளும் சளைத்தவள் இல்லை. “அப்பா, அத்தைகிட்ட எனக்கு சீனி வேண்டாம்னு சொல்லுங்க.” நடுவில் நான் போஸ்ட்மேன். செல்வி நைட் டூட்டி என்று தப்பித்துக்கொண்டாள்.

ஒரு நாள் காரில் போகும்போது கோமதி தானாகச் சொன்னாள். “நான் சும்மா இருந்திருக்கலாம்ப்பா. யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா எனக்குத் தெரியும்லா.” அந்த ‘லா’ அக்கா கொடுத்தது. அதைப் பிடுங்கி எரிக்க எந்த விமான நிலையத்திலும் ஆள் கிடையாது.

வீட்டில் பேச ஆள் இல்லாததால் அக்கா பில்லிடம் பேச ஆரம்பித்தாள். அவள் தமிழ், அவர் இங்கிலீஷ், இரண்டு பேருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. முதல் நாள் குன்றைப் பார்த்ததுமே, “இங்கனயும் சீமைக்கருவேலத்தத் தூவிட்டாம்போல வெள்ளைக்காரன்” என்றாள். எங்கள் பக்கத்துக் கண்மாயெல்லாம் சீமைக்கருவேலம் ஏறிக் கிடப்பதற்கு வெள்ளைக்காரன்தான் காரணம் என்பது அவளுடைய உறுதியான கட்சி. பூவை முகர்ந்து பார்த்தாள். பூக்காரி மூக்கு. “தேங்கா வாசம்லா அடிக்கு” என்றாள். உண்மைதான், அந்தப் பூவில் தேங்காய் மணம் உண்டு. இத்தனை வருஷம் வெட்டிய எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாளிலிருந்து சேலைக்கு மேல் என் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு எங்களோடு முள் வெட்டக் கிளம்பிவிட்டாள்.

அங்கே வைத்துத்தான் பில்லுக்கு விமான நிலையக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்து வீட்டுக்குள் போனார். பழைய டீத்தூள் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே அடியில் கொஞ்சம் கறுப்பு மண். கொள்ளுப்பாட்டி கப்பலேறுவதற்கு முன்னால் தன் தாயைப் புதைத்த இடத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்தது. இந்தக் குடும்பத்தில் யார் செத்தாலும் குழியில் ஒரு சிட்டிகை போடுவார்களாம். அவர் மனைவிக்குப் போட்டாயிற்று. இனி அவருக்கு மட்டும் இருக்கிறது. மகன் வேண்டாம் என்றுவிட்டான், அவன் அந்த மண்ணிலேயே அல்லவா நடக்கிறான்.

அந்த நேரம் பார்த்துச் சாப்பிடக் கூப்பிட கோமதி வந்தாள். பில் இரண்டு கையையும் சேர்த்து நீட்டி, “ஆபீசர், என்னைக் கைது பண்ணுங்கள்” என்றார்.

டப்பாவில் என்ன என்று அக்கா கேட்டாள். சொன்னேன். டப்பாவைப் பார்த்தாள், கோமதியைப் பார்த்தாள். வந்த நாளுக்குப் பிறகு முதன்முறையாக அவளிடம் நேராகப் பேசினாள்.

“அப்ப இவுக கொண்டாந்தா பொக்கிஷம், நான் கொண்டாந்தா குப்பையா? சொல்லுட்டி.”

கோமதி குன்றைக் காட்டினாள்.

“அன்னைக்கு இவுகளை நிறுத்திப் பையைத் திறந்து பார்க்க ஒரு ஆள் இருந்திருந்தா இந்த மலை இப்படி ஆயிருக்காது அத்தை. அன்னைக்கு ஆள் இல்ல. இப்ப நான் இருக்கேன். இவுகளை நிறுத்தாம விட்டுப்போச்சுங்கிறதுக்காக உன்னையும் விட முடியுமா?”

அக்கா குன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையெல்லாம் முள் கீறின கோடு. கோமதி என்ன சொல்கிறாள் என்று பில் கேட்டார். மொழிபெயர்த்தேன். “சரிதான். என் கொள்ளுத்தாத்தாவைத்தான் முதலில் திருப்பி அனுப்பியிருக்கணும்” என்றார். பிறகு யோசித்து, “அப்போது நான் எங்கே இருந்திருப்பேன்?” என்றார்.

“லண்டனில். சரியான வரிசையில்” என்றேன்.

கோமதி குனிந்தாள். நாங்கள் முள்ளைத் தூரோடு பெயர்த்த குழியிலிருந்து ஈர மண்ணைக் கொஞ்சம் எடுத்து அக்காவிடம் நீட்டினாள். “இது இங்க உள்ளது. இதுக்குத் தடை கிடையாது. பூசு.”

அக்கா வாங்கி முகர்ந்தாள். “பாம்பு வாடையே இல்லயேட்டி.” ஆனாலும் கிழக்கே திரும்பி நின்று, “சங்கரா, கொஞ்சம் அனுசரிச்சுக்கோ” என்று சொல்லி அவள் நெற்றியில் பூசிவிட்டாள். கோமதி இந்தத் தடவை விலகவில்லை. பில் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தன் நெற்றியையும் நீட்டினார். பூசிக்கொண்டு அன்றைக்கு முழுவதும் அப்படியே திரிந்தார், கடைக்குக்கூட.

சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா மருமகளுக்குச் சோறு போட்டாள். போட்டுக்கொண்டே சொன்னாள், “பூசியாச்சு. சுத்து பாக்கி இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ.” கோமதி, பார்க்கலாம் அத்தை என்றாள். அந்தப் பார்க்கலாம் எனக்குத் தெரியும். வருஷா வருஷம் வருகிற பார்க்கலாம்.

மிச்ச மண்ணை அக்கா சுருக்குப்பையில் போட்டு முடிந்துகொண்டதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

7

இன்று காலை, மன்னர் புண்ணியத்தில் எல்லோரும் வீட்டில் இருந்தோம். ஊருக்குத் திரும்பிவிட்ட அக்கா வீடியோ காலில் வந்தாள். மொட்டை மாடி வெயில். போனைத் திருப்பி ஒரு பூந்தொட்டியைக் காட்டினாள்.

“ஆபீசரம்மா, இது என்ன செடின்னு பாத்துச் சொல்லு. நீ குடுத்த மண்ண இதுல போட்டேன். தெனமும் தண்ணி ஊத்துதேன். ரெண்டு பச்ச தல நீட்டுது.”

கோமதியின் கையிலிருந்த ரொட்டி தட்டில் விழுந்தது. அந்த முள்ளின் விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்குமாம். ஊரில் இறங்கும்போது உன்னை யாரும் கேட்கவில்லையா என்றாள். டிவி இருக்கா, தங்கம் இருக்கா என்றுதான் கேட்டார்கள் என்றாள் அக்கா. கொதிக்கிற தண்ணீரை ஊற்றச் சொன்னாள் கோமதி, தொட்டியோடு எரிக்கச் சொன்னாள். அக்கா பதறவே இல்லை.

“எனக்கு எது செடி, எது களைன்னு என்னட்டி தெரியும்? நான் பாட்டுக்கு எரிச்சு, காத்துல விதை பறந்து, ஊரெல்லாம் மொளச்சிட்டுன்னா? நாளைக்கு எங்க ஊர்ப் பிள்ளைக வெட்டிக்கிட்டுக் கெடக்கவா? நீ வந்து பாரு. ஆடியில லீவு கெடைக்குமா?”

கோமதி போன் வைத்த பிறகு கொஞ்ச நேரம் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் முள் வெட்டக் கிளம்பும்போது, ஆடித்தபசுக்கு முந்தின வாரம் டிக்கெட் போட்டுவிட்டேன் என்றாள். குளிர் நாட்டுச் செடி, சங்கரன்கோவில் வெயிலுக்கு இரண்டே நாளில் கருகிவிடுமே என்று கேட்டேன். “நேர்ல பார்த்தாத்தான்ப்பா சொல்ல முடியும்” என்றாள், அதிகாரி முகத்தோடு. கருகும் என்று அவளுக்குத் தெரியாதா?

குன்றில் பில்லிடம் சொன்னேன். அவளிடம் இந்த நாட்டுப் பாஸ்போர்ட் அல்லவா இருக்கிறது என்று நினைவுபடுத்தினார். “எந்த வரிசை என்று முதலிலேயே பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்” என்றார்.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், என் வீட்டுக்குத் தெரிய வேண்டாம். அந்தத் தொட்டியை நானும் நன்றாகப் பார்த்தேன். அது குப்பைமேனி. நம்மூரில் எந்தத் தொட்டியில் தண்ணீர் ஊற்றினாலும் முதலில் தலைநீட்டுவது. பூக்கடையில் ஆயுசைக் கழித்த வடிவு அக்காவுக்கு அது தெரியாமல் இருக்குமா?

டிக்கெட் போட்டாயிற்று என்று சொல்ல இப்போதுதான் அவளைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அக்கா பழைய குரலுக்கு வந்துவிட்டாள்.

“வரட்டும். செருப்ப நல்லாக் கழுவிட்டு வரச் சொல்லுலே. எங்க ஊர்ல மண்ணு விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு.”